இரண்டாம் கியரில் ஒரு சொகுசுக் கார்

நான் வாங்கியிருக்கிற பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் காரைப் பற்றித் தமிழில் வந்த விமர்சன வீடியோக்களில் அநேகமாக எதையும் நான் விட்டுவைக்கவில்லை. எல்லாரும் விடியற்காலையில் ஈசிஆரில் ஓட்டுகிறார்கள். இல்லையென்றால் ஓரகடம் பக்கம் ஒரு காலி ரோட்டில். 6.2 வினாடியில் நூறைத் தொடுகிறது, வளைவில் தரையோடு ஒட்டிக்கொண்டு போகிறது என்று சொல்லி, ட்ரோன் ஷாட்டோடு முடித்துவிடுகிறார்கள். என் வீடு தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகிற ஒரு தெருவில். ஆபீஸ் மண்ணடி பக்கம், தம்புச் செட்டித் தெருவில். தொழில் கஸ்டம்ஸ் கிளியரிங், அதாவது கப்பல் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கிக் கொடுப்பது. இரண்டுக்கும் நடுவில் இந்த வண்டி மூன்றாவது கியரைப் பார்ப்பதே அபூர்வம்.

ஆகவே எனக்கு வேறு கேள்வி. மணிக்கு 20 கிலோமீட்டரில், ட்ரெய்லருக்கும் தண்ணி லாரிக்கும் நடுவில் ஊர்ந்து போகும்போது, இவ்வளவு காசு கொடுத்து வாங்கிய காரில் என்ன மிஞ்சுகிறது? வேகத்தைக் கழித்துவிட்டால் சொகுசு என்று எது பாக்கி? வாங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. ஆனாலும் வட சென்னையில் ஓட்டினால் எந்தக் காரும் தன் குணத்தைச் சீக்கிரமே காட்டிவிடும்.

காரின் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், இந்தியாவில் விற்கிற நீள வகை, 330 எல்ஐ. 1998 சிசி டர்போ பெட்ரோல் எஞ்சின், 258 குதிரைத்திறன், எட்டு கியர் ஆட்டோமேட்டிக். நீளம் 4.8 மீட்டருக்கு மேல். வெளிநாட்டில் ஓடுகிற சாதாரண 3 சீரிஸில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2851 மில்லிமீட்டர், இதில் 2961. அதிகப்படியான அந்த 110 மில்லிமீட்டரும் பின்சீட்டில் உட்காருபவரின் காலுக்குத்தான் போகிறது. டிரைவர் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போகிற முதலாளிகளை மனதில் வைத்து நீட்டிய வண்டி. என்னிடம் டிரைவர் கிடையாது. நான்தான் டிரைவர்.

எங்கள் தொழிலில் இருப்பவனுக்குக் கார் என்றால் முதலில் அது ஒரு டாரிஃப் நம்பர், சுங்க வரிப் பட்டியலில் இருக்கிற எண்: 8703. முழுக் காராகக் கப்பலில் வந்து இறங்கினால் ஒரு வரி, பாகங்களாக வந்து இங்கே பூட்டினால் இன்னொரு வரி. எஞ்சினும் கியர்பாக்ஸும்கூடப் பூட்டாமல் உதிரியாக வந்தால் அடிப்படைச் சுங்கம் 15 சதவீதத்தோடு நிற்கும். முழுக் காருக்கு அது பல மடங்கு. பிஎம்டபிள்யூ 2007-இல் மகேந்திரா சிட்டியில் தொழிற்சாலை திறந்ததன் பின்னால் இருக்கிற கணக்கு இதுதான். 2015-இல் எஞ்சின் பூட்டுவது, சீட், ஒயரிங் என்று பல வேலைகளை இங்குள்ள சப்ளையர்களிடமே கொடுத்தார்கள். சச்சின் டெண்டுல்கர் அந்தத் தொழிற்சாலைக்கு வந்து ஒரு 5 சீரிஸில் கைவைத்த படம் அப்போது எல்லாப் பேப்பரிலும் வந்தது.

அப்பா ஹார்பரில் டாலி கிளார்க்காக, கப்பலில் ஏறி இறங்குகிற சரக்கை எண்ணிக் குறிப்பவராக இருந்து ரிட்டயர் ஆனவர். கார் புக் பண்ணியிருக்கிறேன் என்று சொன்னதும் அவர் விலையைக் கேட்கவில்லை. "எந்த பெர்த்ல எறக்குனான்?" என்றுதான் கேட்டார். கப்பல்ல வரலப்பா, சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துல பூட்டுறாங்க என்றேன். "அப்போ நம்மூர் வண்டிதான்" என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் அளவில் காரின் மீதான விசாரணை அத்தோடு முடிந்தது.

விலை விஷயத்தை வேகமாகக் கடந்துவிடுகிறேன், நினைத்தால் வயிறு எரிகிறது. ஷோரூம் விலையே 60 லட்சத்தை ஒட்டி. 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு இந்த ரகத்துக்கு 28 சதவீத ஜிஎஸ்டி, அதன்மேல் 20 சதவீத செஸ். இப்போது செஸ் போய் மொத்தமாக 40. சரி, ஏதோ மிச்சம் என்று சந்தோஷப்படுவதற்குள் மாநிலத்தின் சாலை வரி வந்து நிற்கிறது. 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 2023 நவம்பரிலிருந்து 20 சதவீதம். அதாவது 12 லட்சத்தை ஒட்டி. இதற்கு முன் நான் ஓட்டிய காரின் முழு விலையே அதைவிடக் குறைவு. இந்தச் சாலை வரியைக் கட்டிவிட்டு எந்தச் சாலையில் ஓட்டுகிறேன் என்பதைக் கீழே சொல்கிறேன். இன்னொன்று: 10 லட்சத்துக்கு மேல் கார் வாங்கினால் 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவரே வசூலித்துக் கட்டுகிற வருமான வரி, பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். ஆடிட்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ரிஜிஸ்ட்ரேஷன் பேப்பர் எழுதும்போது ஷோரூம் தம்பி கொஞ்சம் நெளிந்தான். "சார், அட்ரஸ் புரூஃப் வேற ஏதாவது இருக்கா? அண்ணா நகர், அடையாறு மாதிரி? ரீசேலுக்கு நல்லாருக்கும்." டிஎன் 03 என்றால் தண்டையார்பேட்டை ஆர்டிஓ. அந்த நம்பரைப் பார்த்தால் வண்டி எங்கே ஓடியிருக்கும் என்று வாங்குபவன் யோசிப்பானாம். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வியாபாரத்தில் அது நடக்கிறதுதான். ஆனால் என் அப்பா, தாத்தா எல்லாரும் டிஎன் 03 என்ற எழுத்து வருவதற்கு முன்பிருந்தே இங்கே இருக்கிறவர்கள். "03-யே போடு தம்பி" என்றேன்.

டெலிவரி அன்று சிவப்புத் துணி போர்த்தினார்கள், கேக் வெட்டினார்கள், பெரிய சாவி ஒன்றைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். அதெல்லாம் எல்லாருக்கும் நடப்பது. என்னைப் பொறுத்தவரை கார் என் கைக்கு வந்தது பல்லவன் சாலையில், பாடிகாட் முனீஸ்வரர் கோயில் வாசலில்தான். சென்னையில் சைக்கிளுக்கு மேல் எது வாங்கினாலும் அங்கே போய் நிற்காவிட்டால் வீட்டில் பெரியவர்கள் ஏறமாட்டார்கள். எனக்கு முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ, பின்னால் ஒரு டாடா ஏஸ், மீன் வண்டி போடப்போகிறார்களாம். முனீஸ்வரருக்கு மூன்றும் ஒன்றுதான், வரிசையும் ஒன்றுதான். மாலை கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார் பூசாரி. கற்பூரத் தட்டோடு வண்டிக்கு முன்னால் வந்ததும் சென்சார் விழித்துக்கொண்டு பீப் பீப் என்று கத்த ஆரம்பித்துவிட்டது. அவர் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டு, "அதுவும் கும்பிடுதுப்பா, விடு" என்றார்.

எலுமிச்சம்பழம் நசுங்கியது உள்ளே தெரியவே இல்லை. அப்பா இறங்கிப் போய்ப் பார்த்து உறுதி செய்த பிறகுதான் கிளம்பினோம்.

மெதுவாகப் போகும்போது என்ன மிஞ்சுகிறது என்று கேட்டேன் அல்லவா? முதலில் மிஞ்சுவது அமைதி. பேசின் பிரிட்ஜ் பக்கம், வால்டாக்ஸ் ரோடு, கல்மண்டபம், எங்கே வேண்டுமானாலும் போங்கள், ஹார்ன் அடிப்பது இங்கே மூச்சு விடுவதற்குச் சமம். கதவைச் சாத்தியதும் அந்த இரைச்சலில் பெரும்பகுதி வெளியே நின்றுவிடுகிறது. ட்ரெய்லர்காரன் பின்னால் நின்று ஏர் ஹார்னை அமுக்கினால் அடுத்த தெருவிலிருந்து வருகிற அளவுக்குத்தான் கேட்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது தலைவலி இல்லை என்பதை மனைவிதான் முதலில் கவனித்தாள். "இப்பல்லாம் வந்தவுடனே கத்தறதில்ல நீங்க" என்றாள்.

ஆனால் இந்த அமைதியில் ஓர் ஆபத்தும் இருக்கிறது, எந்த வீடியோவிலும் யாரும் சொல்லாதது. எங்கள் ஊர்ச் சந்துகளில் கண்ணாடியைப் பார்த்து ஓட்டுவதைவிடக் காதால் கேட்டு ஓட்டுவதுதான் அதிகம். பின்னால் இடதுபுறம் டியோ ஸ்கூட்டர் வருகிறதா, பக்கவாட்டில் மூன்று சக்கர மீன்பாடி வண்டி நுழைகிறதா என்பதெல்லாம் சத்தத்திலேயே தெரிந்துவிடும். இதில் தெரியாது. எனவே ஜி.ஏ. ரோடு, எம்.சி. ரோடு மாதிரி நெரிசலான இடங்களில் டிரைவர் பக்கக் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டு ஓட்டுகிறேன். ஏசி கொஞ்சம் வீணாகும், போகட்டும்.

இரண்டாவது, எஞ்சினின் பொறுமை. 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 1550 ஆர்பிஎம்மிலேயே, அதாவது எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே, முழுதாகக் கிடைத்துவிடுகிறது. ஹைவேயில் இது முந்துவதற்கு. இங்கே இரண்டு ஆட்டோவுக்கு நடுவில் ஒரு இடைவெளி திறந்து, மூடுவதற்குள் நுழைவதற்கு. பெடலில் காலை வைத்தாலே போதும், அழுத்த வேண்டாம். பிரேக்கை ஒருமுறை மிதித்து நிறுத்தினால் தானே பிடித்துக்கொள்கிற ஆட்டோ ஹோல்ட் இப்போது சாதாரணக் கார்களிலேயே வந்துவிட்டது. இருந்தாலும் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் ஒரு கூட்ஸ் வண்டி போய், இன்னொரு கூட்ஸ் வரும் என்று காத்திருக்கும்போது அதைக் கண்டுபிடித்தவரை வாழ்த்தத் தோன்றும். நிறுத்தினால் எஞ்சின் தானாக அணைகிற வசதியை மட்டும் ஏறியவுடன் ஆஃப் செய்துவிடுகிறேன். மே மாத வெயிலில் ஏசி சுணங்கினால் பெட்ரோல் மிச்சம் என்று யாரும் ஆறுதல் அடைய மாட்டார்கள். பெட்ரோல் எப்படியும் மிச்சமாகவில்லை. நகரத்துக்குள் மைலேஜ் ஒற்றை இலக்கம்.

இப்போது நான் சொல்ல ஆசைப்பட்டுக் காத்திருந்த விஷயத்துக்கு வருகிறேன். ரிவர்சிங் அசிஸ்டென்ட்.

வீடியோக்காரர்கள் இதை அரை நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். வேலை இதுதான்: 35 கிலோமீட்டருக்குள்ளான வேகத்தில் முன்னோக்கிப் போகும்போது, கடைசி 50 மீட்டரில் ஸ்டியரிங்கை எப்படியெல்லாம் திருப்பினீர்கள் என்பதைக் கார் நினைவில் வைத்துக்கொள்கிறது. பின்னால் போக வேண்டி வந்தால் ஸ்கிரீனில் ஒரு பட்டனைத் தட்டிவிட்டுக் கையை எடுத்துவிடலாம். வந்த வழியிலேயே ஸ்டியரிங் தானாகத் திரும்பும். பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் நம் பொறுப்பு. ஜெர்மனியில் நீளமான வீட்டு வாசல் பாதைகளுக்காகச் செய்திருப்பார்களோ என்னவோ. அவர்களுக்கே தெரியாமல் தண்டையார்பேட்டைக்காகச் செய்திருக்கிறார்கள்.

எங்கள் தெருவின் அகலத்தில் ஒரு காரும் ஒரு டூவீலரும் போகலாம். பாதித் தூரம் உள்ளே வந்த பிறகு எதிரில் மெட்ரோ வாட்டர் லாரி வரும். லாரி பின்னால் போகாது. போகவும் முடியாது, அதன் பின்னால் ஏற்கெனவே குடங்களோடு பாதித் தெரு நிற்கும். நான்தான் போக வேண்டும். பழைய காரில் இது கழுத்தை முறுக்கிக்கொண்டு, யாராவது ஒரு தம்பி பின்னால் நின்று "ஒடி, ஒடி, லெஃப்ட்ல ஒடி, வா வா வா" என்று காரைத் தட்டித் தட்டிக் கூட்டிப்போகிற நிகழ்ச்சி. புதுக் காரில் முதல்முறை பட்டனைத் தட்டினேன். ஸ்டியரிங் தானாக ஆடி, முருகன் கோயில் திட்டைச் சுற்றி, டிரான்ஸ்பார்மரைத் தாண்டி, வந்த தடத்திலேயே ரோட்டுக்கு வந்து சேர்ந்தது. லாரிக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் குடத்தை வைத்துவிட்டு ஜன்னல் வழியாக என் கையைத்தான் பார்த்தார்கள். "கை வெக்காமலே திரும்புது பாருடா" என்றான் ஒரு பையன். அவன் அம்மா, "அப்ப இன்னாத்துக்குப் பணம் குட்த்து டிரைவிங் கத்துக்கினாரு?" என்றாள்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. கார் நினைவில் வைப்பது நாம் வந்த பாதையை, தெருவை அல்ல. நாம் உள்ளே வந்த பிறகு நம் பின்னால் ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டுப் பால் வாங்கப் போயிருந்தால், சாயங்காலம் பஜ்ஜி வண்டி வந்து நின்றுவிட்டால், கார் அதைப் பாதையாகத்தான் நினைக்கும். சென்சார் கத்தும், பிரேக் நாம்தான் பிடிக்க வேண்டும். அந்த 50 மீட்டரும் எங்கள் தெருவுக்குச் சரியாகப் போதும்; பக்கத்துத் தெருவாக இருந்திருந்தால் பாதியில் கைவிட்டிருக்கும்.

ட்ரெய்லர் விஷயத்துக்கு வருவோம். துறைமுகத்தைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு இது புதிதில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் வண்டிகள் ஹார்பர் கேட்டுக்காக வரிசையில் நிற்பதை நான் தொழில் ரீதியாக உள்ளேயிருந்தும் பார்த்திருக்கிறேன், ஒரு கார்க்காரனாக வெளியேயிருந்தும் பார்க்கிறேன். 40 அடி கன்டெய்னர் ஏற்றிய ட்ரெய்லர் இடதுபுறம் திரும்பினால் அதன் பின் சக்கரங்கள் முன் சக்கரங்கள் போன தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். கேபினில் அத்தனை உயரத்தில் உட்கார்ந்திருக்கிற டிரைவருக்கு, இடதுபுறக் கதவுக்குக் கீழே தாழ்வாக நிற்கிற ஒரு செடான் கண்ணில் படவே படாது. எஸ்யூவி என்றால் கூரையாவது தெரியும். இந்தக் கார் தாழ்வானது, அழகுக்காகவே தாழ்வானது. ட்ரெய்லரின் இடதுபுறத்தில், அதிலும் திருப்பத்தில், ஒருபோதும் நிற்காதீர்கள். எந்தப் பிராண்டாக இருந்தாலும் அந்தச் சக்கரத்துக்குத் தகரம்தான். வட சென்னையில் செடானா எஸ்யூவியா என்று கேட்டால், இந்த ஒரு காரணத்துக்காக எஸ்யூவி என்றுதான் சொல்வேன். அப்புறம் ஏன் செடான் வாங்கினாய் என்று கேட்காதீர்கள். பிடித்திருந்தது, வாங்கினேன்.

வேகத்தடைக்கு ஒரு தனிப் புலம்பல். சாலைகளுக்கு அளவு வகுக்கிற அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வளைவான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். அப்படி ஒன்றை எங்கள் பக்கத்தில் யாராவது காட்டினால் நான் மாலை வாங்கிப் போடுகிறேன். இங்கே இருப்பவை தெருக்காரர்களே சிமென்ட் குழைத்துப் போட்டவை. ஒரு முழ அகலம், சுவருக்கு வைத்த பூச்சு மாதிரி செங்குத்தாக ஏறி இறங்கும். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே இடைவெளி அதிகமானால் நடுவயிறு உரசுகிற வாய்ப்பும் அதிகம். பின்சீட்டுக்காரரின் காலுக்குக் கிடைத்த அந்த 110 மில்லிமீட்டர் இங்கே வந்து கணக்குக் கேட்கிறது. ஒரு சக்கரமாக, குறுக்காக, ஆமை வேகத்தில் ஏற்றி இறக்குகிறேன். பின்னால் வருபவர் திட்டுவார். திட்டு உள்ளே கேட்காது என்பது ஒரு வசதி.

மற்றபடி குழிகளில் இதன் நடத்தை எதிர்பார்த்ததைவிட நல்லது. 18 அங்குலச் சக்கரம், பக்கச்சுவர் மெலிந்த டயர் என்று பயந்துகொண்டேதான் ஓட்டினேன். மெட்ரோ வாட்டர் தோண்டி மூடிய இடங்களில் தொம் என்று ஒரு சத்தம் வருகிறது, முதுகுக்கு வருவதில்லை. நீள வகைக்கு சஸ்பென்ஷனை இந்தியச் சாலைகளுக்காக மிருதுவாக வைத்திருக்கிறார்கள் என்று படித்தது உண்மைதான் போலிருக்கிறது.

அந்தப் பின்சீட்டின் உண்மையான முதலாளி அப்பா. காலை முழுசாக நீட்டி உட்காருகிறார். தனியாக ஏசி காற்று, தலைக்கு மேல் முழுக்கக் கண்ணாடிக் கூரை. ஆனால் உட்காருவதிலும் எழுந்திருப்பதிலும்தான் சிக்கல். சீட் அத்தனை தாழ்வு. மூட்டுவலி உள்ளவருக்குத் தாழ்ந்த சீட்டிலிருந்து எழுந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை ஷோரூமில் யாரும் யோசிக்க மாட்டார்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரி எதிரில் இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர், "ஆட்டோன்னா சும்மா எறங்கிடுவேன்டா" என்றார். இப்போது கதவுப் பக்கம் ஒரு தடித்த மெத்தைத் துண்டு போட்டு வைத்திருக்கிறேன். பெற்றோருக்காகப் பெரிய கார் வாங்குகிறவர்கள் லெக்ரூமை அளப்பதற்கு முன்னால் சீட்டின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். அவர்களையே கூட்டிப்போய் உட்காரவைத்து எழுப்பிப் பாருங்கள்.

நிறம் சாம்பல். நான் தேர்ந்தெடுத்தேன் என்பதைவிட ஏரியா தேர்ந்தெடுத்தது என்று சொல்லலாம். வடக்கிலிருந்து காற்று அடித்தால் எண்ணூர்ப் பக்கத்து நிலக்கரிச் சாம்பல், கிழக்கிலிருந்து அடித்தால் கடல் உப்பு, எந்தப் பக்கம் அடித்தாலும் கன்டெய்னர் ரோட்டுப் புழுதி. கறுப்பும் வெள்ளையும் இங்கே காலையில் கழுவினால் மதியம் தாங்காது. சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும். காய்ந்த துணியால் துடைத்தால் பெயின்ட் மேல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கதைதான். வெயிலில் பார்த்தால் வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். தினமும் துடைக்க வருகிற தம்பிக்கு முதலில் தண்ணீர், அப்புறம்தான் துணி என்று சொல்லிப் புரியவைக்க ஒரு வாரம் பிடித்தது. மேலே ஒட்டுகிற பாதுகாப்புப் படலத்துக்கு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். யோசித்துக்கொண்டிருக்கிறேன். தூசு படிந்த பின் கண்ணாடியில் எங்கள் தெருப் பையன்கள் விரலால் எழுதிய பெயர்களை மட்டும் நான் அழிப்பதில்லை. அடுத்த கழுவலில் தானே போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை காசிமேடு மீன் மார்க்கெட். சொகுசுக் காரின் டிக்கியில் மீன் வாங்கி வரலாமா என்று ஒரு கேள்வி வீட்டில் எழுந்தது. வரலாம், தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, அதை ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் வைத்து, மூடியை டேப் போட்டு ஒட்டினால். டிக்கி கார் உள்பக்கத்திலிருந்து தனியாக அடைபட்டிருப்பது செடானின் பெரிய லாபம். எஸ்யூவியில் வஞ்சிரமும் நாமும் ஒரே காற்றைச் சுவாசித்துக்கொண்டு வர வேண்டும். என்ன, எனக்கு வாடிக்கையாகக் கொடுக்கிற அக்கா காரைப் பார்த்துவிட்டு ஒரு கிலோ சங்கராவுக்கு விலையை ஏற்றினாள். "இன்னாக்கா, போன வாரம் விலை வேறயா இருந்துச்சே" என்றால், "போன வாரம் நீ நடந்து வந்த நைனா" என்கிறாள். இப்போது காரைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்துதான் போகிறேன்.

ஸ்கிரீன் பற்றிக் கொஞ்சம். முன்னால் 12.3 அங்குலம், நடுவில் 14.9 அங்குலம், இரண்டும் ஒரே வளைந்த கண்ணாடிக்குப் பின்னால். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏசியைக் குறைப்பதற்கு ஸ்கிரீனைப் பார்க்க வேண்டியிருப்பது இப்போது எல்லாக் கம்பெனிக் காரிலும் வந்துவிட்ட வியாதி. டயர் அளவுக்கு இடைவெளி விட்டு மாடும் மனிதரும் குறுக்கே போகிற ரோட்டில், கண்ணை எடுக்காமல் கையால் தடவிக் கண்டுபிடிக்கிற ஒரு சாதாரணக் குமிழ்தான் எனக்கு வேண்டும்.

வேகம்? ஒரு ஞாயிறு விடியற்காலையில் மீஞ்சூர் போய், வண்டலூர் வரைக்கும் வெளிவட்டச் சாலையில் 62 கிலோமீட்டரும் ஓட்டிப் பார்த்தேன். வீடியோவில் சொன்னதெல்லாம் நிஜம். நன்றாக இருந்தது. திரும்பி வந்தபோது மாதவரம் ரவுண்டானாவில் நின்றோம்.

சொந்தக்காரர்கள் பலரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "வண்டி வாங்கிட்டீங்க, அப்புறம் அண்ணா நகர்ப் பக்கம் வீடு எப்போ?" கார் என்பது இந்தப் பக்கத்திலிருந்து கிளம்புவதற்கான டிக்கெட் என்று ஒரு நினைப்பு. இங்கே காசு சம்பாதித்து அங்கே செலவு செய்வதுதான் முறை என்பது இரண்டு தலைமுறையாக நடந்துவருகிற பழக்கம். துறைமுகத்தால் பிழைத்த எத்தனையோ குடும்பங்கள் அப்படிப் போயிருக்கின்றன. நான் குறை சொல்லவில்லை; காற்றும் தண்ணீரும் பார்த்துத்தான் போகிறார்கள். ஆனால் என் கணக்கு வேறு. நல்ல ரோட்டில் நல்ல கார் எதற்கு? அங்கே எந்தக் காரும் நன்றாகத்தான் ஓடும். ஆபீஸுக்குச் சீக்கிரம் போவதற்கும் இது தேவையில்லை. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் மண்ணடி. 2021-இல் விம்கோ நகர் வரை ரயில் வந்த பிறகு காரை எடுத்துக்கொண்டு போகிறவன் நேரத்தைத் தோற்கத்தான் போகிறான். அவசரம் உள்ள நாட்களில் நானே மெட்ரோவில்தான் போகிறேன். அவசரம் இல்லாத நாளில், ட்ரெய்லர்களுக்கு நடுவே, முதுகு வலிக்காமல், கத்தாமல், ஏதோ ஒரு பழைய பாட்டைக் கேட்டபடி ஊர்ந்து வருவதற்குத்தான் இவ்வளவு காசு.

இனி மழைதான் கவலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வட சென்னையில் தண்ணீரோடு எண்ணெயும் வந்து வீட்டுச் சுவரில் கோடு போட்டுவிட்டுப் போனது. 2024 அக்டோபரில் எச்சரிக்கை வந்தவுடனே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்தினார்கள். சாதாரண இன்சூரன்ஸில் தண்ணீர் புகுந்து எஞ்சின் பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் பணம் வராது. எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு கவர் போட வேண்டும். ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்று இன்னொன்று, வண்டி மொத்தமாகப் போனால் பில் விலையைக் கொடுப்பதற்கு. நான் இரண்டும் போட்டிருக்கிறேன். தண்ணீரில் நின்ற காரை எக்காரணம் கொண்டும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீர் பெட்ரோல் புகை மாதிரி அமுங்காது, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளையும். டோ வண்டியைக் கூப்பிடுங்கள், ஸ்டார்ட் செய்யவில்லை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் நிறுத்துவதற்கு ஏற்ற மேம்பாலம் இல்லை. இருக்கிற பாலத்திலெல்லாம் கன்டெய்னர் நிற்கும். மாதவரத்தில் எங்கள் கஸ்டமர் ஒருவரின் குடோனில் லோடிங் மேடை தரையிலிருந்து நாலடி உயரம். சரிவுப் பாதையும் இருக்கிறது. அக்டோபர் நடுவிலிருந்து மார்கழி வரைக்கும் அங்கே ஓர் ஓரம் கேட்டு வைத்திருக்கிறேன். சரிவில் ஏற்றினால் வயிறு இடிக்குமா என்று மட்டும் ஒருநாள் போய் அளந்துவிட்டு வர வேண்டும்.